அட்டையில் வெள்ளை ரிலீஃப்: ஸ்கோன்ஹோவன் முறையில் செய்து முடிக்க முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் வெள்ளைப் புடைப்பு வேலை, அதாவது ரிலீஃப், செய்த கலைஞர்கள் பலர், ஆளுக்கொரு வழி. மிலானில் என்ரிகோ கஸ்தெல்லானி இழுத்துக் கட்டிய துணியை ஆணிகளால் மேடும் குழியுமாக்கினார். டியூசல்டார்ஃபில் குந்தர் யூக்கர் பரப்பு நிறைய ஆணி அடித்து வெள்ளை பூசினார். பாரீஸில் இருந்த பிரேசில்காரர் செர்ஜியோ டி கமார்கோ மர உருளைகளைச் சாய்வாக அறுத்து ஒட்டினார்.

இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்வது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த யான் ஸ்கோன்ஹோவன் (1914–1994) வழியை. காரணம் நடைமுறை சார்ந்தது. அவர் பகலில் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். ரிலீஃப்களை வீட்டில்தான் செய்தார். அட்டை, செய்தித்தாள், பசை, சுவருக்கு அடிக்கும் வெள்ளை, இவ்வளவுதான் பொருள். பட்டறையோ எந்திரமோ வேண்டாம். சாப்பாட்டு மேசையும் பத்துப் பன்னிரண்டு சாயங்காலங்களும் போதும்.

நான் செய்தவையும், என்னோடு உட்கார்ந்து முதல்முறை செய்தவர்கள் தடுமாறிய இடங்களும் சேர்ந்துதான் கீழே இருக்கும் வரிசை. பெரும்பாலான தவறுகள் கை பழகாததால் வருவதில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வதாலும், முதலில் முடிவு செய்ய வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளுவதாலும் வருகின்றன.

நாம் செய்யப்போவது: 54 × 54 செ.மீ. பலகை, அதன்மேல் 8 × 8 ஆக 64 சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றும் சுமார் 6 செ.மீ. அகலம், 3 செ.மீ. ஆழம்.

1. அட்டையைத் தொடுவதற்கு முன் சுவரையும் விளக்கையும் முடிவு செய்யுங்கள்

வெள்ளை ரிலீஃபில் கண்ணுக்குத் தெரிவது நிழல். வெள்ளை அந்த நிழலைத் தாங்கி நிற்கும் பரப்பு, அவ்வளவுதான். அதனால் நிழல் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் அளவு போட முடியாது.

எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்று தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் ஜன்னல் இருக்கும் சுவர் நல்லது. பக்கவாட்டில் வரும் வெளிச்சம் காலையிலிருந்து மாலைவரை நிழலை நகர்த்திக்கொண்டே இருக்கும். ஜன்னல் இல்லாவிட்டால் மேலே ஒரே ஒரு விளக்கு போதும். நாலு பக்கமும் டியூப்லைட் எரியும் அறையில் ஒரு விளக்கின் நிழலை இன்னொரு விளக்கு அழித்துவிடும். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அங்கே அது கோடு போட்ட வெள்ளைப் பலகையாகத்தான் தெரியும்.

ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரும் வேண்டாம். முகத்துக்கு நேராக அடிக்கும் வெளிச்சத்தில் கட்டத்துக்குள் நிழலே விழாது.

2. நிழல் கணக்கு: ஆழமும் அகலமும்

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். மீதி எல்லா வேலையும் இந்த இரண்டு எண்களைப் பொறுத்துத்தான்.

மேலிருந்து வெளிச்சம் வரும்போது ஒவ்வொரு கட்டத்தின் மேல்சுவரும் கீழே தரையில் நிழல் போடும். (கட்டத்தின் உள்ளே தெரியும் பலகையை நான் தரை என்கிறேன்; நிற்கும் பட்டைகளைச் சுவர் என்கிறேன்.) அந்த நிழலின் நீளத்துக்கு எளிய கணக்கு உண்டு. கட்டத்தின் ஆழத்தை, விளக்கு ரிலீஃபின் நடுவிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதனால் பெருக்கி, விளக்கு சுவரைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும்.

உதாரணம்: விளக்கு 90 செ.மீ. உயரத்தில், சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆழம் 3 செ.மீ. என்றால் நிழலும் 3 செ.மீ. கட்டத்தின் உள்ளளவு 5.8 செ.மீ. என்பதால் பாதி இருட்டு, பாதி வெளிச்சம். முதல் ரிலீஃபுக்கு இதைவிட நல்ல விகிதம் இல்லை.

அதே விளக்கைச் சுவருக்குக் கிட்டே 45 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் நிழல் 6 செ.மீ. ஆகிவிடும். தரை முழுக்க இருட்டு. மேல்விளிம்புகள் மட்டும் வலைபோலத் தெரியும். சிலருக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் தெரிந்தே அப்படிச் செய்ய வேண்டும்.

புதியவர்கள் எல்லோருமே ஆழம் கூடினால் அழகு கூடும் என்று நினைக்கிறார்கள். 6 செ.மீ. கட்டத்துக்கு 5 செ.மீ. ஆழம் வைத்தால் 45 பாகைச் சாய்வில் வரும் வெளிச்சத்திலேயே முக்கால்வாசிக்கு மேல் இருண்டு, 64 கறுப்புப் பெட்டிகள் கிடைக்கும். அரை செ.மீ. ஆழத்தில் நிழல் வெறும் கோடாகச் சுருங்கிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். விளக்கு கிட்டே இருக்கும்போது எல்லா வரிசையிலும் நிழல் ஒரே நீளமாக விழாது. மேலே சொன்ன 90 செ.மீ. விளக்கில் மேல்வரிசை நிழல் சுமார் 2.3 செ.மீ., கீழ்வரிசை நிழல் சுமார் 3.7 செ.மீ. ஒரே அளவில் வெட்டிய கட்டங்கள் கீழே போகப்போகக் கனத்துக்கொண்டே வரும். இதைக் குறை என்று எண்ணித் திருத்தப் பார்க்காதீர்கள். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைத்தும் பார்வை அலுக்காமல் இருப்பது இதனால்தான்.

கணக்குப் போட்டதும் பழைய அட்டையில் நான்கு கட்டம் மட்டும் மாதிரி செய்யுங்கள். 1.5, 3, 4.5 செ.மீ. ஆழங்களில் மூன்று மாதிரி. மூன்றையும் அதே சுவரில் டேப்பால் ஒட்டி, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பாருங்கள். மாதிரியையும் வெள்ளை அடித்துத்தான் பார்க்க வேண்டும். பழுப்பு அட்டையில் நிழலின் அளவு ஏமாற்றும்.

3. முன்கூட்டியே வாங்க வேண்டியவை

பாதியில் கடைக்கு ஓட நேர்ந்தால் பசை காய்ந்துவிடும். எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பலகை: 12 மி.மீ. பிளைவுட், 54 × 54 செ.மீ. கடையிலேயே அறுத்து வாங்குங்கள். 6 மி.மீ. போதும் என்று தோன்றும். ஈரக் காகிதம் அதை வில்லாக வளைத்துவிடும்.

அட்டை: 2 மி.மீ. தடிமனுள்ள பைண்டிங் அட்டை. நெளிவுள்ள அட்டைப்பெட்டி அட்டை முதல் வேலைக்கு வேண்டாம். அதன் விளிம்பு நசுங்கும், உள்ளே இருக்கும் வரிகள் பெயின்டுக்கு மேலும் தெரியும்.

பசை: மரவேலைக்கான வெள்ளைப் பசை, அரைக் கிலோ. மைதாப் பசை காய்ச்சலாமா என்று தவறாமல் யாராவது கேட்பார்கள். காகிதம் ஒட்டும் அளவுக்கு அது பிடிக்கும். ஆனால் பூச்சி வரும். பூச்சிக்கு மயில்துத்தம் கலந்தால் அதன் நீலச் சாயை வெள்ளையில் ஏறிவிடும் என்ற பயம் இருக்கிறது, அது நஞ்சும்கூட. வெள்ளைப் பசைதான் நிம்மதி.

காகிதம்: பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, அச்சடிக்காத மெல்லிய வெள்ளைத்தாள் ஒரு கட்டு. இரண்டும் ஏன் வேண்டும் என்பது ஏழாவது பகுதியில் வரும்.

பெயின்ட்: தண்ணீரில் கரையும் பிரைமர் அரை லிட்டர், பளபளப்பு துளியும் இல்லாத உள்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர்.

கருவிகள்: புது பிளேடுகளோடு கட்டர், ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், பேப்பர் கிளிப்புகள், அரை அங்குலப் பிரஷ் இரண்டு, நைஸ் உப்புத்தாள், ஒரு டார்ச். டார்ச்சை விட்டுவிடாதீர்கள், கடைசிவரை அதுதான் உங்கள் கண்.

4. பலகையின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

இது யாருக்கும் தோன்றாத இடம். முன்பக்கம் ஒட்டும் காகிதம் காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். பின்னாலும் அதே அளவு காகிதம் இருந்தால் இரண்டு இழுப்பும் சமமாகும்.

என் முதல் ரிலீஃபில் இதைச் செய்யவில்லை. மெல்லிய பலகை வேறு. ஒரு வாரத்தில் நான்கு மூலையும் முன்னால் எழும்பி, சுவருக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி வந்துவிட்டது. கட்டம் ஒட்டிய பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

எனவே பின்பக்கம் இரண்டு அடுக்குச் செய்தித்தாளைத் தண்ணீர் கலந்த பசையில் ஒட்டி, ஒவ்வொரு அடுக்கும் நன்றாகக் காயும்வரை பலகையைச் சமதரையில் வையுங்கள். காய்ந்ததும் மாட்டுவதற்கான இரண்டு கொக்கிகளையும் இப்போதே திருகிவிடுங்கள். திருகாணி 10 மி.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம், முன்னால் துளைத்துக்கொண்டு வரும். இதைக் கடைசியில் செய்யலாம் என்று விட்டவர்கள், முடிந்த ரிலீஃபைக் கவிழ்த்துப் போட்டுத் திருகும்போது கட்டச் சுவர்களை நசுக்கியிருக்கிறார்கள்.

5. பட்டை வெட்டுதலும் காடி எடுத்தலும்

தேவை 18 பட்டைகள். எல்லாம் 3 செ.மீ. அகலம். உள்ளே வரும் 14 பட்டைகளும் 48 செ.மீ. நீளம். சுற்றுச்சுவருக்கு நான்கு: இரண்டு 48 செ.மீ., இரண்டு 48.4 செ.மீ. அந்தக் கூடுதல் 4 மி.மீ. மூலைகளில் இரண்டு அட்டைத் தடிமனை மூடுவதற்கு.

அட்டையைக் கையில் வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாக வளையும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். எந்த நீளவாக்கில் முரண்டு பிடிக்கிறதோ அந்த நீளவாக்கில் பட்டை வெட்டுங்கள், நெட்டுக்கு நிற்கும்.

ஒரே அழுத்தில் வெட்ட முயலாதீர்கள். மெதுவாக நான்கைந்து தடவை அதே கோட்டில் ஓட்டுங்கள். அழுத்தி வெட்டினால் பிளேடு சாய்ந்து, பட்டையின் விளிம்பும் சாய்வாகிவிடும். ஐந்து பட்டைக்கு ஒருமுறை பிளேடு முனையை உடைத்துப் புது முனை எடுங்கள்.

அடுத்து காடி. பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று குறுக்காக உட்காருவதற்குப் பாதி ஆழம்வரை வெட்டும் வாய் இது. 14 பட்டைகளையும் ஒன்றாக அடுக்கி, இரண்டு முனையும் தட்டிச் சமமாக்கி, கிளிப் போட்டு இறுக்குங்கள். அடுக்கின் விளிம்பில் 6, 12, 18 என்று 42 செ.மீ. வரை ஏழு கோடுகளை மூலைமட்டம் வைத்து ஒரே இழுப்பில் போடுங்கள்.

ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியாக அளந்து குறிப்பவர்கள் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று இடத்துக்கு இடம் மாறிவிடுவார்கள். கடைசியில் கட்டம் பூட்டாது. அடுக்கி வைத்துக் குறித்தால் தவறு வந்தாலும் எல்லாப் பட்டையிலும் ஒரே தவறாக வரும், அதனால் கட்டம் நேராகவே பூட்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காடியின் அகலம் 2.5 மி.மீ., ஆழம் 16 மி.மீ. கணக்குப்படி பாதி ஆழம் 15 மி.மீ.தான். ஆனால் சரியாக 15 வெட்டினால், ஒரு காடியில் தங்கிய சிறு பிசிறு போதும், முழு வரிசையும் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். மொத்தம் 98 காடி. கை வலிக்கும், இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

6. பசை இல்லாமல் பூட்டிப் பார்த்து, அப்புறம் ஒட்டுங்கள்

ஏழு பட்டைகளைக் காடி மேலே பார்க்க நிறுத்தி, மற்ற ஏழையும் தலைகீழாக மேலிருந்து இறக்குங்கள். நடுப்பட்டையிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் எதிர் ஓரம் வரும்போது எல்லாம் கோணிக்கொள்ளும். இறுக்கமாக இருக்கும் காடியை அழுத்தி ஏற்றாமல், கட்டரால் ஒரு சீவு சீவிவிடுங்கள்.

பூட்டிய சட்டத்தைப் பலகையின் நடுவில் வையுங்கள். சுற்றுச்சுவர் சேர்ந்தால் அதன் வெளியளவு 48.4 செ.மீ., சுற்றிலும் 2.8 செ.மீ. விளிம்பு மிஞ்சும். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக, சுற்றுச்சுவரோடு சுமார் 68.4 செ.மீ. வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சதுரம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். நீளமான மூலையை மெல்ல உள்ளே தள்ளுங்கள்.

சரியானதும் பென்சிலால் எல்லாச் சுவர்களின் தடத்தையும் பலகையில் வரைந்துகொண்டு சட்டத்தைத் தூக்குங்கள். பென்சில் கோட்டின்மேல் மெல்லிய கோடாகப் பசை விட்டு, சட்டத்தை இறக்கி, 49 குறுக்குச் சந்திகளிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். சுற்றுச்சுவரை இப்போது ஒட்டுங்கள். உடனே குறுக்களவை மறுபடி பாருங்கள், பசை இறுகுவதற்குள் நகர்த்த முடியும். மேலே ஒரு பலகை, அதன்மேல் புத்தகங்கள். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும்.

7. காகிதம் ஒட்டுதல்

இந்த நிலையிலேயே வெள்ளை அடித்துவிடலாம் என்று ஆசை வரும். அடித்தால் கட்டட மாடல் போலத்தான் இருக்கும். ஸ்கோன்ஹோவன் வேலைகளில் தூரத்திலிருந்து கறாராகத் தெரியும் கட்டம், கிட்டே போனதும் விளிம்பு மழுங்கி, கோடு லேசாக அசைந்து, கையால் செய்தது என்று தெரியும். அந்த மென்மையைத் தருவது காகிதம்தான். கூடவே அட்டையையும் பலகையையும் ஒரே தோலாகப் போர்த்தி, சந்துகளை மூடுவதும் அதுதான்.

பசையும் தண்ணீரும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கத்தரித்த ஓரம் பெயின்டுக்கு மேல் படிபோலத் தெரியும். கிழித்த ஓரம் நார் நாராகக் கரைந்து மறைந்துவிடும்.

சுவருக்கான துண்டு சுமார் 5.5 × 9 செ.மீ. பசையில் நனைத்து, விரலால் வழித்து, கொடியில் துண்டு போடுவதுபோலச் சுவரின்மேல் போட்டு இரண்டு பக்கமும் இறக்குங்கள். பக்கத்துக்கு 3 செ.மீ. சுவரை மூடி, மிச்சம் ஒன்றரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தரையில் படியும். அந்த மடிப்பை நகத்தின் பின்பக்கத்தால் மூலைக்குள் அழுத்துங்கள். மூலையில் காகிதம் தொங்கலாக நின்றால் காய்ந்ததும் உள்ளே காற்று தங்கி, பிரைமர் அடிக்கும்போது கொப்புளமாக எழும்.

மொத்தம் 144 சுவர்த் துண்டுகள் வரும். அவை முடிந்த பிறகுதான் 64 தரைத் துண்டுகள், அதன்பின் சந்திகளுக்குச் சின்னச் சின்ன ஒட்டுகள். தரையை முதலில் ஒட்டினால், பிறகு வரும் சுவர்த் துண்டின் ஓரம் தரையின் நடுவே கோடாக நிற்கும், வெளிச்சம் முதலில் அதைத்தான் காட்டும். நடுக் கட்டங்களில் தொடங்கி வெளியே வாருங்கள், இல்லாவிட்டால் சட்டைக் கையில் ஈரத் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும். சுற்றியுள்ள விளிம்பையும் பலகையின் பக்கவாட்டையும் மறக்க வேண்டாம்.

ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். மழைக்காலமானால் இரண்டு நாள். வெயிலில் வைக்கக் கூடாது. மேற்புறம் மட்டும் வேகமாகச் சுருங்கிப் பலகையை முறுக்கும். மின்விசிறிக் காற்று போதும்.

இரண்டாவது அடுக்குக்கு அச்சடிக்காத வெள்ளைத்தாள். செய்தித்தாளின்மேல் வெள்ளை ஒட்டும்போது எந்த இடம் விட்டுப்போனது என்பது எழுத்து தெரிவதிலேயே புரிந்துவிடும். அச்சு மையும் பெயின்டுக்கு ஒரு அடுக்கு தள்ளிப் போய்விடும். இரண்டு அடுக்கும் செய்தித்தாளாகவே ஒட்டியவர்களின் வேலையில் தலைப்பு எழுத்துகள் பூச்சுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறமாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது அடுக்கு வேண்டாம். மூலைகள் உருண்டு, கட்டம் கிண்ணம்போல ஆகிவிடும்.

8. எதைத் திருத்துவது, எதை விடுவது

அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். பகல் வெளிச்சத்தில் தெரியாதது எல்லாம் தெரியும்.

திருத்த வேண்டியவை: எழும்பி நிற்கும் காகித ஓரம், கொப்புளம், தரையில் உலர்ந்து நிற்கும் பசைச் சொட்டு. கொப்புளத்தைப் பிளேடால் கீறி, பசை விட்டு அழுத்துங்கள். சொட்டை உப்புத்தாளால் தேயுங்கள்.

விட வேண்டியவை: சுவரின் மேல்விளிம்பு லேசாக அலைவது, காகிதம் காகிதத்தின்மேல் ஏறிய மெல்லிய மேடு, ஒரு கட்டம் இன்னொன்றைவிட மயிரிழை குறுகியிருப்பது. இதையெல்லாம் பட்டி பார்த்து வழவழப்பாக்க வேண்டும் என்று பலருக்கும் கை துறுதுறுக்கும். என்னோடு செய்த ஒருவர் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு விளிம்பிலும் பட்டி தேய்த்தார். முடிவில் அது பிளாஸ்டிக் வார்ப்புபோல ஆனது. தேய்த்த பட்டி திரும்ப வராது, அதனால் சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

அளவிலும் வரிசையிலும் கறார், பரப்பில் தளர்வு. இந்த இரண்டையும் மாற்றிக்கொண்டால், கோணலான கட்டத்தின்மேல் வழவழப்பான பூச்சு என்று எதற்கும் உதவாத ஒன்று கிடைக்கும்.

9. பிரைமரும் வெள்ளையும்

பிரைமரை மெல்லியதாக இரண்டு கோட்டு (பூச்சு). காகிதம் ஈரத்தை ஒரே அளவில் உறிஞ்சாது; பிரைமர் இல்லாமல் அடித்தால் திட்டுத் திட்டாகப் பளபளக்கும்.

பிறகு எமல்ஷன், கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூன்று மெல்லிய கோட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் மூலைகள் முதலில், அடுத்து தரை, அடுத்து சுவர்கள். எல்லாக் கட்டமும் முடிந்த பின்தான் மேல்விளிம்புகள். சுவர் அடிக்கும்போது பிரஷ் விளிம்பில் உரசி அங்கே பெயின்டைத் திரட்டிவிடும், அதைக் கடைசி இழுப்பில் சமப்படுத்த வேண்டும்.

மூலைகளில் பெயின்ட் குளம்போலத் தேங்குவதுதான் இங்கே பெரிய தொல்லை. ஒரு பிரஷ்ஷை நனைக்காமல் காய்ந்ததாகவே வைத்திருங்கள். ஒரு கட்டம் முடிந்ததும் அதன் நுனியால் நான்கு மூலையையும் ஒற்றி எடுங்கள். ரோலர், ஸ்பிரே எதுவும் வேண்டாம். ரோலர் உள்ளே போகாது. ஸ்பிரே ஒரு சுவரில் கனமாகவும் எதிர்ச்சுவரில் தூசியாகவும் படியும்.

பளபளப்பு ஏன் கூடாது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இரண்டு மாதிரிகளில் ஒன்றுக்கு மேட், ஒன்றுக்கு பளபளப்புள்ள வெள்ளை அடித்து விளக்கின் கீழ் வையுங்கள். மேட் பரப்பில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு நிழல் படிப்படியாக இறங்கும். பளபளப்பில் விளக்கின் பிம்பம் வெள்ளைப் புள்ளியாக நின்று அந்த இறக்கத்தை வெட்டிவிடும்.

எல்லாக் கோட்டும் ஒரே டப்பாவிலிருந்து வரட்டும். வெவ்வேறு டப்பா வெள்ளைகள் தனியாக ஒன்றுபோல இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தால் ஒன்று மஞ்சளும் ஒன்று நீலமுமாகப் பிரிந்து நிற்கும். மிச்சத்தை ஒரு சின்ன பாட்டிலில் மூடி வையுங்கள், பின்னால் விளிம்பு இடிபட்டால் அதுதான் மருந்து.

10. மாட்டுதல், பெயரிடுதல், படம் எடுத்தல்

இரண்டு கொக்கி, சுவரில் இரண்டு ஆணி. ஒற்றை ஆணியில் தொங்கும் கட்டம் கதவு சாத்தும் அதிர்விலேயே சாயும், ஒரு பாகை சாய்வுகூட 64 கட்டத்திலும் தெரியும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

பின்பக்கம் உங்கள் பெயர், ஆண்டு, வரிசை எண், பெயின்டின் பெயர், எந்தப் பக்கம் மேலே என்ற அம்புக்குறி எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்கோன்ஹோவன் தன் வேலைகளுக்குக் கதை சொல்லும் தலைப்பு வைக்காமல், ரிலீஃபைக் குறிக்கும் ஆர் என்ற எழுத்து, ஆண்டின் கடைசி இரண்டு எண்கள், வரிசை எண் என்று குறித்தார். நீங்களும் இப்படிச் செய்தால் பத்து வேலைக்குப் பிறகு எந்த ஆழம் எப்போது செய்தது என்று தேட வேண்டியிருக்காது.

படம் எடுக்கும்போது ஃபோன் வெள்ளையைச் சாம்பலாக்கும். திரையில் ரிலீஃபைத் தொட்டுவிட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. நேராக அடித்து எல்லா நிழலையும் தின்றுவிடும்.

தூசி சேரும், கீழ்ச் சுவர்களின் மேல்தான் அதிகம் படியும். மாதம் ஒருமுறை மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஈரத்துணி பட்ட இடம் மேட் பரப்பில் பளபளப்பாக நின்றுவிடும், அதை மறைக்க அந்தக் கட்டத்தை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

11. இரண்டாவது ரிலீஃப்: தரையைச் சாய்த்தல்

முதல் வேலை சரியாக வந்தபின் இதைத் தொடுங்கள். ஸ்கோன்ஹோவன் சாய்ந்த தளங்களோடும் ரிலீஃப்கள் செய்தார். நம் கட்டத்தில் ஒரு சுவரின் அடியிலிருந்து எதிர்ச்சுவரின் 2 செ.மீ. உயரம்வரை ஒரு அட்டைத் துண்டைச் சாய்த்து ஒட்டினால் போதும். துண்டின் அளவு 61 × 57 மி.மீ. வெட்டியதும் ஒரு கட்டத்தில் வைத்துப் பார்த்து, மீதி 63ஐயும் அதற்கேற்ப வெட்டுங்கள். இந்தத் துண்டுகள் காகிதம் ஒட்டுவதற்கு முன்பே உள்ளே போக வேண்டும். காகிதம் சுவரைத் தடிமனாக்கிய பின் உள்ளே இறங்காது.

சாய்வு விளக்கைப் பார்த்தால் தரை பளிச்சென்று இருக்கும், விளக்குக்கு முதுகைக் காட்டினால் மங்கும். எனவே எந்தக் கட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு ஒரு விதி வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக என்பது போதும். மனசுக்குத் தோன்றிய பக்கம் திருப்பி வைத்தவர்களின் வேலையில் கண் உடனே முகமோ எழுத்தோ தேட ஆரம்பித்துவிடுகிறது, நிழலைப் பார்ப்பதில்லை.

விதியை முதலில் கட்டம் போட்ட தாளில் 64 அம்புக்குறிகளாக வரைந்து, மேசைக்கு எதிரே ஒட்டி வையுங்கள். ஒட்ட ஒட்ட ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். நாற்பதாவது கட்டம் தாண்டும்போது எந்தப் பக்கம் என்று கட்டாயம் குழம்பும்.